தீக்காக்கையின் கண்

ஐப்பசித் துலாமழை விட்டு இரண்டு நாள் வெயில் கண்டதும் இட்லித் துணியை அவிழ்த்தேன். உன் கடைசிப் படத்தைச் சுற்றி வைத்திருக்கிற துணிதான். வருஷத்துக்கு ஒரு தடவை துவைத்து வெயிலில் போடுகிறேன், புளித்த மாவு வாடை மட்டும் போகமாட்டேன் என்கிறது. படத்துக்கு வேறு வாசம். ஈரக் காகிதம், பழைய சாயம், கொஞ்சம் கோந்து. மூக்கில் ஏறியதுமே நீ பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குகிற மாதிரி இருந்தது.

படத்தில் கண் இருந்தது.

நீ கண் வைக்கவில்லை. பறவையின் கறுப்புத் தலையில் மிளகளவுக்கு வெறும் காகிதம் விட்டிருந்தாய். அந்த இடத்தில், அந்த அளவில், உருண்டையாக ஒரு கறுப்புப் பொட்டு. ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருக்கிறது. படத்தில் வேறெங்கும் பிடிக்கவில்லை. இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தே, இதைத் தூக்கிக் களஞ்சூடே? வீடு முழுக்கப் பூப்பல் பிடிக்கும்."

"முதல்ல என்னைக் கொண்டு களஞ்சிட்டு வா. அப்புறம் இதைக் களையலாம்" என்றேன். போய்விட்டாள். அவள் சொன்னதை நான் மறக்கமாட்டேன். எதை நான் மறந்தேன்?

கரமனை ஓட்டலில் நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறது. நீ கிரைண்டர், நான் காய்கறி. மதிய ஓய்வில் மற்றவர்கள் சாக்கை விரித்துப் படுத்தால் நீ பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பள்ளிப் பிள்ளைகளின் சாயப்பெட்டியைத் திறப்பாய். செம்போத்து, நீர்க்காகம், கொக்கு, ஆற்றங்கரைக் கீரி. உனக்குக் கை இருந்தது, கண் கிடையாது. பத்தடி தள்ளி உட்கார்ந்த காக்கை உனக்குக் கறுப்புத் துணி. கண்ணாடி போட்டால் இட்லி ஆவியில் மூடிக்கொள்கிறது என்று கழற்றி இடுப்பில் செருகிவிடுவாய்.

உன் அப்பா நாகர்கோவில் பக்கம் கோயில் கொடைக்கு மண் சாமி செய்தவர். எல்லாம் முடித்துக் கடைசியில்தான் கண் திறப்பாராம். அதுவரை சாமியின் முகத்தை ஈரத்துணியால் மூடி வைப்பாராம். கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக்கூடாது, முகம் பார்க்கிற கண்ணாடியைத்தான் பிடிக்க வேண்டும், முதல் பார்வை அதில் விழ வேண்டும். அந்த வழக்கத்தை நீ காலண்டர் தாளுக்குக் கொண்டுவந்தாய். கண் வைக்காத பறவையை இட்லித் துணியால் மூடினாய்.

"மூடாம வச்சா என்னளா ஆகும்?" என்று கேட்டேன்.

"தேடும்."

"என்னத்த?"

"கண்ணை."

சட்னிக்குத் தேங்காய் கேட்டு வந்த சரக்கு மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் தேங்காயும் துருவுவீங்க, பேயும் ஓட்டுவீங்க போல" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

"கண்ணை ஊகிச்சு வைக்கப்பிடாது கேட்டியா. யாராவது ஒருத்தி பாத்திருக்கணும்." இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அந்த ஒருத்தி நான். ஆற்றங்கரையில் போய் நின்று பார்த்து வந்து சொல்வேன். செம்போத்தின் கண் மாதுளை முத்து என்றால் விடமாட்டாய்.

"எந்த மாதுளை? இன்னைக்கு உடைச்சதா, நேத்து உடைச்சதா?"

"முந்தாநாள் உடைச்சு, பிரிட்ஜில வைக்க மறந்தது."

அதன் பிறகுதான் சாயத்தைத் தொடுவாய். வைத்துக் காட்டும்போது எனக்கே கூசும். பறவை என்னைத் திரும்பிப் பார்க்கும். பன்னிரண்டு படம் அப்படி வந்தது. பன்னிரண்டுக்கும் கை உன்னுடையது, கண் என்னுடையது.

ஊர் நூலகமான வாயனசாலையின் ஆண்டுவிழாவில் அந்தப் பன்னிரண்டையும் சுவரில் மாட்டினார்கள். நீ உடுத்தியிருந்த சேலை நான் தேய்த்துக் கொடுத்தது. செக்ரட்டரி உனக்குப் பொன்னாடை போட்டுவிட்டு மைக்கை நீட்டினார். "சேச்சி, இதெல்லாம் ஒற்றய்க்கு வரச்சதாணோ?"

"ஆமா, ஒத்தைக்குத்தான் வரைஞ்சேன்" என்றாய்.

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். மைக் இரைந்தது, அதனால் தெருவரைக்கும் கேட்டிருக்கும். திரும்பி நடக்கையில், "பயத்துல வாயில வந்துட்டு மக்கா" என்றாய். பயத்தில் வாயில் வருவதுதான் மனதில் கிடப்பது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

தீக்காக்கை பார்க்கக் கல்லாற்றுக் காட்டுக்குப் போவது முன்னாலேயே பேசிவைத்த பயணம், அதனால் வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். பாலத்தருகே டீக்கடைக்காரர் சொன்னார்: "அக்கரையில ஒரு மரத்துல தீக்காக்க வரும். பக்ஷே அது முகம் காட்டாது அம்மே, முதுகேதான் காட்டும்." அப்புறம் மலையைக் காட்டினார். "இங்க வெயிலானாலும் மேல மழை பெய்யும். ஆத்து வெள்ளம் நிறம் மாறினா கரையேறிக்கோணும். நோக்கிட்டு நிக்கண்டா."

அவர் சொன்ன மாதிரியே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அசையவே இல்லை. உனக்கு ஒரு தவிட்டு நிறக் கட்டை தெரிந்திருக்கும். அப்புறம் கிளை மாறி உட்கார்ந்தது, வயிறு முழுக்கச் செக்கச் சிவப்பு. "தீயேதான்!" என்று என் கையைப் பிடித்தாய். அப்போது அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. உன்னை இல்லை, என்னை. பத்து எண்ணுகிற நேரம் பார்த்தது. அவ்வளவு நேரம் ஒரு பறவை என்னைப் பார்த்ததில்லை.

பறந்த பிறகு கேட்டாய். "கண்ணைப் பாத்தியாளா?"

"இல்லை."

"இங்கோட்டுத்தான திரும்பிச்சு?"

"எனக்குக் கண்ணுல தூசி விழுந்துட்டு."

நீ என் முகத்தைப் பார்த்தாய். தூரத்தில் இருப்பதுதான் உனக்குத் தெரியாது, நான் பக்கத்தில்தானே நின்றேன். பொய் என்று தெரிந்தது உனக்கு. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ திட்டவில்லை.

படம் வளர்ந்தது. வால் வந்தது, மார்பில் வெள்ளைக் கோடு வந்தது, சிவப்புக்கு மேல் சிவப்பு ஏற்றினாய். கண் மட்டும் வெறுமை. தினமும் கிரைண்டர் பக்கத்திலிருந்து கேட்பாய். "ஓர்மை வருதாளா?" இல்லை என்பேன். என் நாக்கு நுனியில் இருந்தது. வைத்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை போவோமா?"

"ஒத்தைக்குப் போ. ஒத்தைக்குத்தான வரையுற."

நீ கிரைண்டரை நிறுத்தினாய். திரும்பச் சொல்லச் சொல்வாய் என்று பார்த்தேன். "சரி" என்றாய். அவ்வளவுதான். மறுபடி கிரைண்டரைப் போட்டாய்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் படத்தைத் துணியோடு என் மடியில் வைத்தாய். "இது உங்கிட்ட இருக்கட்டு. துணியை எடுத்துராத. நான் கண்ணோட வாறேன்."

ஞாயிறு மதியம் துணியை எடுத்தேன். நான் இல்லாமல் உன் படம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நினைத்தேனோ என்னவோ. கண்ணில்லாத படத்தை அலமாரி மேல் சாய்த்துவிட்டுத் துவைத்த சேலைகளைக் காயப்போடப் போனேன். மூட மறந்தேன். நான், எதையும் மறக்காதவள், அதை மறந்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

திங்கட்கிழமை கிரைண்டர் பக்கத்தில் நீ இல்லை. செவ்வாய்க்கிழமை உன்னைக் கல்லாற்றில் கீழே, ஒரு வளைவில் கண்டெடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து கல்லாற்றுக்குப் போனேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நடுப்பாறையில நிந்நு மேல நோக்கிட்டு இருந்தாங்க. வெள்ளம் கலங்கி வந்தது. நான் கூவி விளிச்சேன் அம்மே, ரெண்டு மூணு வட்டம் விளிச்சேன். திரும்பிப் பாத்ததே இல்ல."

"பறவை இருந்துதா?"

"கொம்பில இருந்தது."

"அவளைப் பாத்துச்சா?"

"அதொந்நும் ஞான் நோக்கியில்ல."

எப்படிப் பார்க்காமல் இருந்தார் என்று அவர்மேல் எனக்கு இன்னும் கோபம். இரங்கல் கூட்டம் வைத்து, "ஒற்றய்க்குப் போராடிய கலாகாரி" என்று மறுபடியும் மைக்கில் சொன்ன செக்ரட்டரி மேலும் கோபம். பதின்மூன்றாவது படம் இருக்கிறதாமே என்று ஆள் அனுப்பினார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் கோபங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தால், அடியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் வெண்டைக்காயோடு.

இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கண் கறுப்பு, ஆனால் முழுக்கறுப்பு இல்லை. ஆறிப்போன, பால் விடாத கட்டன் சாயா. வெயில் பட்டால் அடியில் தவிட்டு நிறம் தெரியும். அதைச் சுற்றி ஒரு நீல வளையம். வேட்டிக்கு நீலம் முக்கிய வாளியில், தண்ணீர் வற்றிய பிறகு விளிம்பில் நிற்குமே, அந்த நீலம். எந்த நீலம் என்று நீ கேட்பாய். கடைசி வேட்டியும் முக்கி எடுத்த பிறகு நிற்கிற நீலம்.

சொல்லிவிட்டுப் படத்தை வெயிலுக்குத் திருப்பினேன். கறுப்புப் பொட்டைச் சுற்றி நூல் கனத்துக்கு நீலமாய் ஓர் ஓரம் படர்ந்திருக்கிறது. பூஞ்சைக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்பார்கள். இருக்கட்டும்.

துடைக்கவில்லை. திரும்ப மூடவும் இல்லை. கண் திறந்த சாமியை உன் அப்பா மறுபடி மூடினதாக நீ சொன்னதில்லை. துணியை அவிழ்த்தபோது நான் கண்ணாடி பிடிக்கவில்லை, எதிரே என் முகம்தான் இருந்தது. முதல் பார்வை என்மேல் விழுந்துவிட்டது.

என் கட்டிலுக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். பத்து எண்ணி முடித்துவிட்டேன். அது இன்னும் பார்வையைத் திருப்பவில்லை. இட்லித் துணி மடித்தபடி என் மடியில் இருக்கிறது.