சில்வியாவின் தொண்டை

786

ராயபுரம்
11-11-2024

அன்புள்ள சில்வியாவுக்கு,

ஆஃபியா எழுதிக்கொள்வது. நான் நலம், நீ நலமா என்று ஆரம்பிக்க ஆசைதான். நேற்று ரோவர்ஸ் நாலு கோல் வாங்கியது, அதனால் நான் நலமில்லை.

உங்கள் கன்னியர் மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன் கிடையாது, கடிதம்தான், அதையும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று உன் அம்மா சொன்னார்கள். மதருக்கு என் வணக்கம். மதர், கல்மண்டபம் ரோவர்ஸ் என்பது எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப். நானும் சில்வியாவும் பள்ளிக்கூட நாளிலிருந்து அதன் பின்னால் திரிகிறோம். நாலு வருடமாக அதைப் பற்றி 'கார்னர் கொடி' என்று வாரம் ஒரு பாட்காஸ்ட் பேசுகிறோம். பேசினோம். ஜூனில் இவள் உங்களிடம் வந்த பிறகு நான் மட்டும் பேசுகிறேன்.

ஏழு ஆட்டத்தில் ஒரு வெற்றி. பன்னிரண்டு டீமில் பதினோராம் இடம். கடைசி இரண்டு டீமும் கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும், உனக்குத் தெரியாததா. கோல்கீப்பர் ஜெனிஷைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு முன்னால் நிற்கிற நாலு பேரும் ரோட்டைக் கடக்க வந்தவர்கள் மாதிரி இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள், பந்தை மட்டும் பார்ப்பதில்லை. விம்கோ நகர்ப் பையன்களின் பாட்காஸ்டில் நம்மைப் பற்றி இருபது நிமிடம் சிரித்தார்கள். நானும் கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. நீ எங்கே என்று கேட்கிறவர்களிடம் மடத்துக்குப் போனதை நான் சொல்லவில்லை. "சில்வியாவுக்குத் தொண்டை சரியில்லை, டாக்டர் பேசக்கூடாது என்கிறார்" என்று ஜூலையில் ஆரம்பித்தேன். இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஒரு வருடம் இருந்து பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் வந்துவிடுவேன்" என்று எக்மோரில் ரயில் ஏறும்போது நீதானே சொன்னாய். மே மாதம் நீ வந்து மைக் முன்னால் உட்காரும்போது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்காது பார். நீ வந்துவிடுவாய் என்றுதான் நான் மனதில் வைத்திருக்கிறேன்.

உன்
ஆஃபியா


இயேசு மரி சூசை

திண்டுக்கல்
1-12-2024

அன்புள்ள ஆஃபியா,

உன் கடிதத்தை மதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். "பதினோராம் இடமா?" என்று ஒரு கேள்வி வேறு. எனக்கு மானம் போயிற்று.

இங்கே காலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கும். ஜெபம், பூசை, பிறகு எனக்குச் சமையலறை. நாற்பது பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து தோள்பட்டை கழன்று கிடக்கிறது. ஆனால் படுத்தால் தூங்கிவிடுகிறேன். அங்கே இருந்தபோது எனக்கிருந்த அலுப்புக்குத் தூக்கமே வந்ததில்லை.

தொண்டை விஷயம் வேண்டாமடி. மே மாதம் நான் வருவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. கிறிஸ்துமஸுக்குள் உண்மையைச் சொல்லிவிடு. கேட்பவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

போன சீசனில் அடிபட்ட ஜெனிஷின் முழங்கால் எப்படி இருக்கிறது? டிசம்பர் ஆட்டங்களின் ஸ்கோரை எழுது.

அன்புடன்
சில்வியா


786

ராயபுரம்
9-2-2025

அன்புள்ள சில்வியாவுக்கு,

கிறிஸ்துமஸுக்குள் சொல்லவில்லை. பொங்கலுக்குள்ளும் சொல்லவில்லை. அதற்குத் தண்டனை கிடைத்துவிட்டது.

பிப்ரவரி மூன்றாம் தேதி தொண்டைக்கான புனிதர் பிளேசியாரின் திருநாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து ஃபாதர் ஆசீர்வதிப்பார் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லையே. நம் டென்னிஸ் இருக்கிறானே, ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு எல்லா ஆட்டத்துக்கும் மேளத்தோடு வருவானே, அவன் வரிசையில் நின்று ஆசீர் வாங்கிவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நின்றிருக்கிறான்.

"இப்பதானே வந்துட்டுப் போனே?" என்று ஃபாதர் கேட்டிருக்கிறார்.

"அது என் தொண்டை ஃபாதர். இது சில்வியா தொண்டை. எட்டு மாசமா பேச முடியாம கீது."

அவனுக்குப் பின்னால் ரோவர்ஸ் ஜெர்சியில் பதினோரு பேர், எல்லாரும் உன் தொண்டைக்குத்தான். மடத்துக்கு உனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததே அந்த ஃபாதர்தான். அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மெழுகுவர்த்தியை வைத்தாராம். அந்தப் பதினோரு பேருக்கும் பின்னால் நின்றது யார் தெரியுமா? உன் அம்மா.

"எந்த சில்வியாடா?" என்று கேட்டார்கள் சிலுவையம்மா.

"உன் பொண்ணுதான் யக்கா. நீயே தெரியாத மாதிரி கேக்குறியே."

சிலுவையம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடி விழும் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார்கள். பிறகு சொன்னார்கள்: "தெருவுல கேக்குறவங்ககிட்ட அவ கோயமுத்தூர்ல வேலைல கீறான்னு நான் சொல்லிகினு கீறேன். நீ தொண்டைன்னு சொல்லிகினு கீற. ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தா ஒரே பொய்யா சொல்லியிருக்கலாம்."

"நீங்க ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா முடிஞ்சிடும்ல."

எனக்கும் அதேதான் சில்வியா. நான் வாயால் சொல்லிவிட்டால் நீ திரும்பி வரமாட்டாய் என்று ஒரு பயம். பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. தெரிந்தும் சொல்ல வரவில்லை.

ஜனவரியில் நாலு ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு டிரா. இப்போது கடைசி இடம். ஜெனிஷின் முழங்கால் பரவாயில்லை.

உன்
ஆஃபியா


இயேசு மரி சூசை

திண்டுக்கல்
2-3-2025

அன்புள்ள ஆஃபியா,

டென்னிஸ் இரண்டாம் முறை வரிசையில் நின்றதைப் படித்துச் சிரித்தேன். அம்மா சொன்னதைப் படித்து அழுதேன். இரண்டும் ஓய்ந்த பிறகு உன்மேல் கோபம்தான் மிஞ்சியது.

உண்மையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் இங்கே வருவதற்கு முன் இரண்டு சீசனாகவே எனக்கு ரோவர்ஸில் நம்பிக்கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தோற்போம். நீ மைக்கில் "அடுத்த வாரம் பாருங்கள்" என்பாய். நான் "ஆமாம்" என்பேன். அந்த ஆமாமைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். உனக்காகத்தான் சொன்னேன். இங்கே ஜெபத்தில் உட்கார்ந்தால் யாருக்காகவும் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டவரிடம் எனக்கு அலுப்பாக இருக்கிறது என்றே சொல்லலாம். கேட்டுக்கொள்கிறார்.

ஈஸ்டர் ஞாயிற்றுக்குள் நான் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மே கடைசியில் கன்னியாஸ்திரி ஆவதற்கான பயிற்சிக்கு நவதுறவகத்தில் சேர்ப்பார்கள், பிறகு இரண்டு வருடம் வீடு கிடையாது. கொடுக்காவிட்டால் மே மாதம் வீடுதான். எழுதத்தான் மனம் போகிறது. ஆனால் பேனாவை எடுத்தால் நீ தனியாக உட்கார்ந்து என் தொண்டையைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்துவிடுகிறது, வைத்துவிடுகிறேன். நீ காத்திருக்கிறாயே என்பதற்காக நான் வந்தால் அதுவும் இன்னொரு ஆமாம்தான்.

சொல்லிவிடு ஆஃபியா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சில்வியா


786

ராயபுரம்
30-3-2025

சில்வியா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் உன் பெயரைக்கூட நினைக்கவில்லை, அவ்வளவு கோபம். எனக்கு மட்டும் அலுக்கவில்லையா? கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நாள் முழுக்கக் கன்டெய்னர் பேப்பர்களோடு மாரடித்துவிட்டு வந்து, லாரி ஹாரன் கேட்காமல் இருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, தனியாகப் பேசி, தனியாக எடிட் செய்வது சுகமா? போன வருடமே விட்டிருப்பேன். உனக்குப் பிடிக்குமே என்றுதான் விடவில்லை. நீ எனக்காக, நான் உனக்காக. நல்ல கூத்து.

போன ஞாயிறு கடைசி ஆட்டம். அதற்கு முந்தின இரண்டிலும் எப்படியோ ஜெயித்திருந்தோம். டிரா செய்தால் தப்பித்திருப்போம். எண்பத்தெட்டாவது நிமிடம் ஒரு கார்னர், ஒரு தலை, முடிந்தது. ஜெனிஷ் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்ட யாருக்கும் தெம்பு இல்லை. டென்னிஸ் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

நோன்பு திறந்துவிட்டு ரெக்கார்ட் செய்ய உட்கார்ந்தேன். உன் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். அவர்களுக்குத் தெரியாமல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கோரைச் சொன்னேன். கீழ் டிவிஷன் என்று சொன்னேன். "சில்வியா" என்றேன், அதற்கு மேல் வரவில்லை. சிலுவையம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்:

"நான் சில்வியா அம்மா பேசுறேன். அவளுக்குத் தொண்டை நல்லாத்தான் கீது. அவ கன்னியாஸ்திரி ஆவப் போயிட்டா. கோயமுத்தூர்னு சொன்னது நான், தொண்டைன்னு சொன்னது இந்தப் பொண்ணு. ரெண்டு பேரும் பொய் சொன்னோம். ரெண்டு பேருக்கும் அவளை வுட மனசு வரல. மெழுகுவத்திக்கு வரிசைல நின்ன புள்ளைங்கோ கோச்சிக்காதீங்க."

அதற்குப் பிறகு நான் பேசினேன். 'கார்னர் கொடி'க்கு இதுதான் கடைசி எபிசோடு என்று சொன்னேன். ஒரு வாரத்தில் எண்ணூறு பேர் கேட்டிருக்கிறார்கள், நமக்கு இதுவரை அத்தனை பேர் வந்ததில்லை. விம்கோ நகர்ப் பையன்கள் இந்த வாரம் நம்மைக் கிண்டல் செய்யவில்லை. நீ ஒருத்திதான் கேட்கவில்லை.

பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள். நீ வரமாட்டாய் என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, மறைக்க மாட்டேன். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிடு.

ஆஃபியா


இயேசு மரி சூசை

திண்டுக்கல்
6-4-2025

என் அன்புள்ள ஆஃபியா,

உன் கடிதத்தை மதர் காலையில் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். தன் போனை மேசைமேல் வைத்து எபிசோடைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

பத்து மாதம் கழித்து அம்மாவின் குரலைக் கேட்டேன். உன் குரலையும். நீ பேசும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினாய். மற்றவர்கள் மைக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நீ ஒரு இருமலைக்கூட விடாமல் வெட்டுகிறவள். அந்த இரண்டையும் வெட்டாமல் விட்டிருக்கிறாய்.

மறுநாள் காலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவதுறவகத்தில் சேர்ந்த பிறகு எனக்கு வருடத்துக்கு இரண்டு கடிதம்தான் வரலாம். ஸ்கோர் எழுத வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. இத்தனை வருடத்தில் அதை நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

மே 31, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குச் சடங்கு. அம்மாவுக்குத் தனியாக ரயில் ஏறப் பயம், நீதான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சடங்கு முடிந்ததும் என்னை உள்ளே அழைத்துப் போய்விடுவார்கள், பேச நேரம் இருக்காது. திரும்பிப் போகும்போது அம்மா அழுவார்கள். நீயும் அழுவாய். பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் பார்த்து டிக்கெட் போடு.

உன்
சில்வியா