மச்சாளின் வலது முழங்கை

இன்று காலை பின்வளவில் ஒரு காவோலை விழுந்தது, மச்சாள். காய்ந்த பனையோலை விழுகிற சத்தம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடு துள்ளியது. கயிற்றை நான் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். நல்ல காலம், உதறிவிட்டேன். மாடு வேலிக்கரையில் போய் நின்று ஒன்றும் நடவாதது போல அசை போட்டது. எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது, இன்னும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

எத்தனை தரம் சொல்லியிருப்பேன், "கயித்தைக் கையிலை சுத்தாதேங்கோ, மச்சாள்" என்று! "என்ரை மாடு என்னை இழுக்காது. நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்பீர்கள். இந்த மாட்டின் தாய்தான் உங்களை இழுத்தது. புகையிலைத் தோட்டத்து வரம்பில், இதே போல ஒரு காவோலை விழுந்த சத்தத்துக்கு, உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. நான் ஓடி வந்தபோது நீங்கள் வாய்க்காலுக்குள் கிடந்தீர்கள். வலது முழங்கை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து என்ன சொன்னீர்கள்? "மாட்டைப் பிடியும், புகையிலைக் கன்றுகளை மிதிக்கப் போகுது."

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தீர்கள். முறிவு வைத்தியர் முட்டையும் உழுத்தம்மாவும் குழைத்துக் கட்டினார். ஒரு கிழமையில் கை பூசணிக்காய் போல வீங்கியபோதுதான் உங்கள் தம்பி, என்னுடைய மனுசன், உங்களைக் கேளாமலே வண்டிலைக் கட்டினார். மிசன் ஆஸ்பத்திரியில் மூட்டைத் திறந்து, உடைந்த எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். மயக்கம் தெளிந்து நீங்கள் கேட்ட முதற் கேள்வி, அடுப்படியைப் பூட்டினோமா என்பது.

அந்த அடுப்படிதான் உங்களுக்கு எல்லாம். புருசன் செத்து, பிள்ளையும் இல்லாமல், எங்கள் வளவிலேயே உங்கள் சீதன வீட்டில் தனியாக உலை வைத்துத் தின்றவர் நீங்கள். தம்பி வீட்டுச் சோறு ஒரு நாளும் தின்றதில்லை. ஆகவே கட்டு அவிழ்த்த அன்று டொக்டர் சொன்னதை நீங்கள்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும். "இனி ஒவ்வொரு நாளும் கையை மடக்க வேணும். நோகும். நோகட்டும். கை வாய்க்கு வரவேணும்," என்றார் அவர். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊர் வந்தது. பாணும் தோடம்பழமும் கொண்டு, சுகம் விசாரிக்க ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. "கையை அசைக்காதேங்கோ. கம்பி கழண்டு போம்." போகும்போது என்னிடம், "பாவம், சோத்தைத் தீத்திவிடு பிள்ளை." இடக்கையால் தின்னச் சொன்னால் பட்டினி கிடந்து சாவேன் என்றீர்கள். ஆகவே நான் தீத்தினேன். மூன்று வேளையும், குழந்தைக்கு ஊட்டுவது போல, ஒவ்வொரு பிடியாக.

கடவுளே, அந்த நாட்கள்! "பிடி பெரிசு, பிள்ளை. நான் என்ன யானையே?" சிறிதாக உருட்டினால், "காகத்துக்கு வைக்கிறீரே?" குழம்பில் புளி காணாது. கீரையில் உப்புக் காணாது. அடுத்த நாள் உப்புக் கூட. வாயைத் திறந்து வைத்துக்கொண்டே குறை சொல்ல உங்களால் எப்படி முடிந்ததோ தெரியாது. என் சோறு ஆறிப் போகும். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து பசியோடு நிற்பார்கள். ஆனால் நோகிறது என்று நீங்கள் முகத்தைச் சுளித்தால் எனக்கும் மனம் கேட்காது. மடக்கிப் பழக்கச் சொன்னதை இரண்டு பேரும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினோம்.

ஒன்றரை மாதம் கழித்து டொக்டர் கையைப் பிடித்து மடக்கப் பார்த்தார். கதவுக் கொண்டி போல பாதியில் நின்றது. அவர் உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆர் இவவுக்குச் சோறு தீத்திறது?"

"நான்தான்."

"அப்ப நீர்தான் உந்தக் கையை மரமாக்கிறீர். இன்னும் ஒரு மாசம் இப்பிடியே விட்டால் பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது. சாகுமட்டும் ஆராவது தீத்தத்தான் வேணும்."

வண்டிலில் வரும்போது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டீர்கள். சந்தி திரும்பிய பிறகுதான், "அவருக்கு என்ன தெரியும்" என்றீர்கள். ஆனால் உங்கள் முகம் வெளிறிப் போயிருந்தது. சாகும்வரை மற்றவர் கையை எதிர்பார்ப்பது என்றால் உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அன்று முழுவதும் யோசித்தேன்.

மறுநாள் மத்தியானம் சோற்றுக் கோப்பையை ஒரு பெட்டியின் மேல், உங்கள் நெஞ்சளவு உயரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். "பிள்ளை! எட பிள்ளை! சோறு ஆறுது!" என்று கூப்பிட்டீர்கள். நான் கிணற்றடியில் நின்று, ஏற்கனவே கழுவிய பானையை மறுபடியும் கழுவினேன். அன்றைய சோற்றைக் காகம் தின்றது. இரவுச் சோற்றையும் நீங்கள் தொடவில்லை. உங்களுக்கும் வீம்பு, எனக்கும் வீம்பு.

விடிந்ததும் வாசல் படலையில் சனம். "பிள்ளை இல்லாத மனுசி. செத்தால் காணி உவையளுக்குத்தானே," என்று ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள். உங்கள் தம்பி தோட்டத்தால் ஓடி வந்தார். "என்ரை அக்காவைக் கொல்லப் போறியே?"

"டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே."

"கேட்டன். அதுக்கு இப்பிடியே?"

"வேறை எப்பிடி? நீங்கள் வந்து தீத்துங்கோ. சாகுமட்டும் தீத்துங்கோ."

அவர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார். நான் சோற்றை வைத்துவிட்டுத் தட்டிக்குப் பின்னால் நின்று ஓலை இடுக்கால் பார்த்தேன். இதை உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் கன நேரம் கோப்பையைப் பார்த்தபடி இருந்தீர்கள். பிறகு ஒரு பிடி எடுத்தீர்கள். கை மேலே வந்து வாய்க்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. முழங்கையைப் பெட்டி விளிம்பில் ஊன்றி, கழுத்தை முன்னுக்கு நீட்டி, அழுதுகொண்டே கையை வாய்ப்பக்கம் அமத்தினீர்கள். பாதிச் சோறு மடியில் விழுந்தது. மீதி வாய்க்குள் போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உள்ளே ஓடி வந்து உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. வரவில்லை. வந்திருந்தால் அடுத்த பிடியைத் தீத்தியிருப்பேன்.

நாலு விரல் மூன்றாகி, இரண்டாகி, ஒரு மாதத்தில் கை வாய்க்கு வந்தது. பிறகு திருநீறு பூச நெற்றிக்குப் போனது. கொண்டை முடிகிற அளவுக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. அதை நான்தான் முடிந்துவிட்டேன், இளக்கமாக முடிகிறேன் என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டு. ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் அடுப்பில் மறுபடி புகை வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. வேலிக்கு மேலால் ஒரு செம்பு பால் மட்டும் நீட்டினீர்கள்.

நன்றி சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கதையை நீங்கள் ஊரெல்லாம் சொன்ன விதம் இருக்கிறதே! கலியாண வீடு, செத்த வீடு, கோயில் வீதி, ஓரிடம் விடவில்லை. "என்ரை தம்பி பெண்சாதி என்னைப் பட்டினி போட்டவள்." ஒரு நாள் பட்டினி மூன்று நாளாகி, பிறகு ஒரு கிழமையாகியது. டொக்டர் சொன்னது மட்டும் உங்கள் கதையில் ஒரு நாளும் வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது வலது கையை நன்றாக மடக்கி நீட்டித்தான் சொல்வீர்கள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும்.

பிறகு உலக யுத்தம் வந்து, அரிசியைக் கூப்பனுக்கு அளந்து தந்த காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல். வெறும் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மத்தியானம் குழைந்த சோறு கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் எழுந்து சுவரில் சாய்ந்து இருந்தீர்கள். "பிள்ளை," என்றீர்கள், "உம்மடை கையாலை ஒரு பிடி தாருமன்."

எனக்கு அதற்கு முதல் நாள்தான் யாரோ வந்து அந்தப் பட்டினிக் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது ஒரு கிழமை பத்து நாளாகியிருந்தது. "ஏன், கை இருக்குதுதானே, மச்சாள்," என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஓம், இருக்குது. உதுக்குத்தானே பட்டினி போட்டனீர்," என்று சொல்லி, நீங்களே மூன்று பிடி எடுத்துத் தின்றீர்கள். உப்புக் காணாது என்றும் சொன்னீர்கள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் காலை நீங்கள் எழும்பவில்லை.

கேட்கிறதை ஒழுங்காகக் கேட்டிருக்கக் கூடாதா? ஏலாமல் இருக்குது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கோப்பை முழுவதையும் தீத்தியிருப்பேனே. இல்லை, இது நியாயமில்லை. உங்களுக்குக் கை இருந்தது எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டது கை ஏலாததால் அல்ல என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே மாட்டேன் என்றேன். வாய்க்கரிசி போட என் முறை வந்தபோது, போட்டு முடிந்தும் நான் இன்னொரு பிடி அள்ளியதைப் பார்த்து, மச்சாளில் எவ்வளவு பட்சம் என்று சனம் கதைத்தது. நீங்கள் அந்த அரிசியை ஒரு குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று முதல், நான் சாப்பிட முதல், காகத்துக்கு ஒரு பிடி வைக்கிறேன். எல்லா வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் நான் அதை உருட்டி வைக்கிறேன், பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல். இன்றும் வேலியில் நட்ட கதிகால் தடியின் அடியில் வைத்தேன். கூப்பன் அரிசி, கல் பொறுக்கித்தான் சமைத்தேன். காகம் வந்து கொத்திப் பார்த்தது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. பாதியை விட்டுவிட்டுப் பறந்தது.

உப்புக் காணாது போல. படைக்க முதல் ருசி பார்க்கக் கூடாது, மச்சாள், நான் என்ன செய்ய? நாளைக்குக் கொஞ்சம் கூடப் போட்டு வைக்கிறேன். வந்து என் கையால் ஒரு பிடி தின்றுவிட்டு, உப்புக் கூட என்று ஏசுங்கள்.