பங்களாவில் கிடந்த கடிதங்கள்

பரவை,
4.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க கப்பலுக்குப் போன் லைன் கிடைக்காததால இந்த மெயிலையே கடிதமா நினைச்சுக்கங்க. நம்ம பிள்ளைக்கு வயித்துல ஏழு மாசமாச்சு. பி.பி. கூடியிருக்குன்னு டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. அம்மா வீட்லதான் இருக்கேன்.

பொழுது போகாம உங்க லேப்டாப்புல இருந்த அந்த பங்களா கேமைத் திறந்தேன். துப்பாக்கி இல்ல, பேய் இல்ல, ஒரு மனுசன்கூட இல்ல. காலி வீடு, புதிரை அவுத்தாத்தான் திறக்குற பூட்டுன கதவு. கடிகார முள்ளைத் திருப்புறேன், சுவத்துப் படத்துல பறவைகளை எண்ணுறேன். இதுக்குப் போயி நெஞ்சு ஏன் இம்புட்டு அடிச்சுக்குது? பியானோ அறையில ரெண்டு நாளா மாட்டிக்கிட்டுக் கிடக்கேன். வழி சொல்லிறாதீங்க.

கப்பல் எங்க நிக்குது?

உங்கள்
பவதாரிணி

கப்பலிலிருந்து,
9.6.2025

அன்பு பவா,

இங்க எல்லாரும் நலம். சரக்கு இறக்க இடம் கிடைக்காம நடுக்கடல்ல நிக்கிறோம், வேற ஒண்ணுமில்ல. அந்த அறையில நான் ஒரு வாரம் முழிச்சேன். பூட்டைச் செஞ்சவன் சாவியையும் அந்த வீட்டுக்குள்ளதான் வச்சிருப்பான். அந்த தைரியத்துலதான் விளையாடுறது.

பிள்ளை உதைக்குதா?

ராஜபாண்டி

பரவை,
13.6.2025

மாமா,

பியானோ அறை திறந்துருச்சு! நான் கை தட்டுன சத்தத்துல அம்மா பதறி ஓடி வந்தாங்க.

உள்ள மேசை நிறைய அந்த வீட்டு ஆளுங்க எழுதுன கடிதங்கள். எல்லாத்துலயும் 'இங்கே எல்லாரும் நலம்'. அப்படி எழுதுனவங்ககிட்டருந்து அதுக்கப்புறம் ஒரு வரிகூட இல்ல. லேப்டாப்பை மூடிட்டேன். உங்க மெயிலும் அப்படித்தானே இருந்துச்சு.

நேத்து உங்ககூடக் கப்பல்ல வேலை பாக்குற நல்லகாமன் அண்ணன் சம்சாரம் பாண்டியம்மாள் அக்கா வந்தாங்க. "இஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சு ஒரு வாரமாச்சாமே, ஒனக்குத் தெரியாதா?"ன்னாங்க. நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க? என்ன ஆச்சு உங்களுக்கு?

பவா

கப்பலிலிருந்து,
16.6.2025

பவா,

மன்னிச்சிரு. தீப்பிடிச்சது நிசம். எனக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துருச்சு. நான் சொல்லச் சொல்ல நல்லகாமன்தான் டைப் அடிக்கிறான், போன மெயிலும் அப்படித்தான். விரல் அசையுது. இஞ்சின் ஓடல. இழுத்துட்டுப் போக வேற கப்பல் வரணும், எப்பன்னு யாருக்கும் தெரியல. படுத்த படுக்கையா இருக்கிறவகிட்ட இதை எப்படிச் சொல்ல?

ஒண்ணு கேக்குறேன். பிள்ளை உதைக்குதான்னு கேட்டேன், நீ பதிலே போடலையே?

ராஜபாண்டி

மதுரை, ஆஸ்பத்திரி,
20.6.2025

மாமா,

நானும் மறைச்சேன். பத்தாம் தேதியிலருந்தே அசைவு குறைஞ்சிருச்சு. வாய் விட்டுச் சொன்னா நிசமாயிருமோன்னு அம்மாகிட்டகூடச் சொல்லாம, நாள் பூரா அந்த பங்களாவுக்குள்ளயே கிடந்தேன். நீங்க கேட்டதைப் படிச்சதும் அழுதுக்கிட்டே சொல்லிட்டேன். அந்த நிமிசமே ஆட்டோவுல ஏத்தி இங்க கூட்டியாந்துட்டாங்க. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..."ன்னு டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கிட்டாங்க.

பதினேழாம் தேதி ஆபரேஷன். பொம்பளப் பிள்ளை. ஒண்ணேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழாய் வச்சு மூச்சு விடுறா. பத்து நாள் தாண்டணுமாம். தாண்டுவாளான்னு கேட்டா யாரும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேங்குறாங்க. உங்க கையை நினைச்சாலும் பயமாத்தான் இருக்கு. வலிச்சா வலிக்குதுன்னே எழுதுங்க மாமா.

நேத்து என் விரலை உள்ள விட்டுத் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. நர்ஸ் வந்துதான் பிரிச்சு விட்டாங்க.

இப்பத் திரும்ப உள்ள கூப்பிடுறாங்க. போறேன்.

பவா