கடைசியில் எடுத்த சீட்டு

இன்று காலை எதிர்வீட்டுக்காரி எவர்சில்வர் குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினாள். குடத்தைப் பார்த்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. அம்பத்தூரில் நம் பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இப்போதும் ஒரு படிக்கட்டுக்கு நான்கு வீடு, மாடிக்கு ஒன்று. தரைத்தளம் ஒருவருக்குத்தான். யாருக்கு எந்த வீடு என்பது சீட்டுக் குலுக்கலில்தான் முடிவாகும்.

அன்றும் இப்படித்தான். உன் முழங்கால் வலிக்குத் தரைத்தளம் கிடைத்தே ஆக வேண்டும். மற்றவர்கள் முண்டியடிக்க, நீ ஓரமாக உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாமே, குந்திகினு கீறே? முன்னாடி போ. வேற எவனாவது எடுத்துடப் போறான்" என்றேன்.

"அவன் எடுக்காம போனா? சீட்டு கொறையக் கொறைய நமக்குத்தானே நல்லது? அதுக்கும் இதுக்கும் சரியாப் பூடும். நாலு பேரும் எடுத்துகினு ஒண்ணா பிரிச்சா, மொத எடுத்தது யாருன்னு சீட்டுக்குத் தெரியுமாய்யா?"

கடைசியில் எடுத்தாய். மூன்றாம் மாடி. எல்லோரும் சிரித்தார்கள்.

"சீட்டு வுழல. அதுக்காக நான் சொன்னது தப்பாயிடுமா?" என்று கேட்டாய். படி வளைவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்திலும் அந்தப் பேச்சை நீ மாற்றவில்லை.

நீ கண்மூடிய பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். நான்கு துண்டுத் தாளில் ஒன்றில் 'கீழ்' என்று என் கையாலேயே எழுதினேன். அந்த 'ழ்' ஒழுங்காகச் சுழிந்து வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. பிறகு நான்கு பேர் எடுப்பதுபோல நாள்கணக்காக எடுத்து எடுத்துப் பார்த்தேன். முதல் கைக்குக் 'கீழ்' வந்த அளவுக்கே ஏறக்குறைய கடைசிக் கைக்கும் வந்தது. முன்னால் போகிறவன் எடுத்துவிடுவானோ என்ற பயம் நெஞ்சில் இடிக்கிறது. அவன் கையில் வராதபோது நமக்குக் கூடுகிற வாய்ப்போ சத்தமில்லாமல் வருகிறது. அதனால்தான் மனசு ஏமாந்துபோகிறது.

இன்று வயதைப் பார்த்து எனக்கு முதலில் வழிவிட்டார்கள். நான் நகரவில்லை. கடைசிச் சீட்டைப் பிரித்து எழுத்துக்கூட்டி நானே படித்தேன். மூன்றாம் மாடி.

"பெருசு, சொன்னா கேட்டியா?" என்று சிரித்தான், ஓடிப்போய் முதலில் எடுத்தவன்.

"நீ மொத எடுத்தியே நைனா, கீழயா கீறே? ரெண்டாவது மாடிதானே?"

அவன் தன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பாயையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். இப்போது என் முழங்காலும் வலிக்கிறது. வலிக்கட்டும். நீ சொன்னது சரி என்று எவன் எதிரிலும் சொல்வேன். இப்போது எழுதியும் வைத்துவிட்டேன்.