பிறகு வந்த புள்ளிகள்

என்னவருக்கு,

வெளியூரில் வேலை எப்படிப் போகிறது? நம் வெள்ளை நாய் குட்டி போட்ட அன்று, "குட்டிங்க மேல புள்ளி ஏதாவது இருக்கா?" என்று போனில் இரண்டு தடவை கேட்டீர்கள். "இல்லீங்க, பால் மாதிரி வெள்ளை" என்றேன். நீங்கள் அப்பாடா என்று மூச்சு விட்டது இங்கே வரை கேட்டது.

இப்போது எல்லாக் குட்டிக்கும் கறுப்புப் புள்ளி. அப்பன் புள்ளி நாய் ஜாதியாம்; அந்த ஜாதிக் குட்டிகள் வெள்ளையாகப் பிறந்து, பிறகுதான் புள்ளி வருமாம், நாய் டாக்டர் சொன்னார்.

பக்கத்துத் தெருத் தையல்காரியிடம் அப்படி ஒரு ஆண் நாய் இருக்கிறது. அவள் அதை வாசல் தாண்ட விடுவதே இல்லை. நம் நாயோ உங்களோடுதான் வெளியே போகும், அதுவும் பூங்காவுக்கு மட்டும் என்பீர்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் வந்ததும் சேர்ந்து நடக்கப் போவோம். கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன். நாய் வழக்கமான வழியில் முன்னால் போகட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்