மேனேஜருக்குப் போட்ட இரண்டாவது ஊசி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மேனேஜரும் இங்கே நலமாகவும் கொஞ்சம் திமிராகவும் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன் என்று அக்காவிடம் புகார் சொன்னாயாம், அவள் சொன்னாள். ஆமாம், வைத்தேன், கை தவறியெல்லாம் இல்லை, வேண்டுமென்றேதான் வைத்தேன். அதற்குப் பிறகு இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது, உனக்கு எதுவும் தெரியாது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

நம் பூனைக்குச் சர்க்கரை இருப்பது பழைய கதை. காலையும் மாலையும் சாப்பிட்டதும் ஊசி போட்டுக்கொண்டு மேனேஜர் என்ற பட்டப்பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தான், என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் மேற்பார்வை பார்த்துக்கொண்டு. இந்த முறை கடைவாய்ப் பல்லடியில் சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது, தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன், இல்லையாம். டாக்டரம்மா விளக்கினார், உடம்பில் சீழ் இருந்தால் பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறுமாம், அதற்காக முழு ஊசியைப் போட்டால் வெறும் வயிற்றில் சட்டென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடுமாம், ஊசியே வேண்டாம் என்று நாமாக நிறுத்தினால் ரத்தத்தில் நஞ்சு சேருமாம். ஆகமொத்தம் எந்தப் பக்கம் போனாலும் அடி. காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்க்கிற மெஷின்ல பாருங்க, சாப்பிடாத வேளைக்குப் பாதி மருந்து மட்டும் போடுங்க, சந்தேகமா இருந்தா உடனே போன் பண்ணுங்க என்று சொல்லி அனுப்பினார். அவனோ காலையில் ஏறுகிறான், மதியம் இறங்குகிறான், எங்கள் உயிரும் அவன் கூடவே ஏறி இறங்குகிறது.

அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஓர் எழுத்து விடாமல் இருக்கிறது. அதுக்கு வயசாயிடுச்சும்மா, பல்லு போச்சு, கண்ணும் சரியாத் தெரியல, சர்க்கரை வேற, எத்தனை நாளைக்குத்தான் ஊசி போட்டுப் போட்டு இழுத்துட்டு இருப்பீங்க, டாக்டர்கிட்ட சொல்லி வலியில்லாம ஒரேயடியா அனுப்பிடுங்க, அப்புறம் நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இங்க வந்து இருக்கலாம் என்றாய். உன் வீட்டில் பூனை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், நல்லெண்ணத்தில்தான் சொன்னாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்ததடா. அப்பா எதிர் நாற்காலியில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வயிற்றில் தன்னுடைய இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார். பல்செட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார். நீ ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாய், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால்தான் வைத்தேன்.

வைத்ததும் அப்பா, அவன் சொல்றதுல என்ன தப்பு, விட்டுடலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம், மேனேஜரையும் விட மாட்டேன், உங்களையும் விட மாட்டேன், போய் வேலையைப் பாருங்க என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். நம் வீட்டுச் சண்டை எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நேராகப் பேசவே மாட்டோம், எல்லாம் மேனேஜர் வழியாகத்தான். மேனேஜரே, காபி ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு என்பார் அவர். மேனேஜரே, கை கால் நல்லா இருக்கிறவங்க தானே சுட வெச்சுக்கலாம்னு சொல்லு என்பேன் நான். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான், வீட்டில் ஒரு காரியமும் நிற்காது. அப்போது அவனே காய்ச்சலில் உன் அறையில் சுருண்டு கிடந்தான், தூது போக ஆளில்லை, வீடு வாயடைத்துப் போய்க் கிடந்தது. ஒரு நாள் ஓர் அம்மாள் கோட்டுக்கு அளவு சரிபார்க்கச் சீக்கிரமே வருவதாகச் சொல்லியிருந்ததால், நான் எழுந்ததும் மேனேஜருக்குச் சர்க்கரை பார்த்து அரை ஊசியைப் போட்டுவிட்டு முன்னறைத் தையல் கடையைத் திறந்துவிட்டேன். பின்னால் எழுந்த அப்பா வழக்கமான நேரம் தாண்டுவதைப் பார்த்திருக்கிறார், கடை மும்முரத்தில் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அவரும் காதில் குத்திப் பார்த்திருக்கிறார், முதல் ஊசி இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்காததால் சர்க்கரை ஏறித்தான் இருந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே, பேசாமல் தானும் அரை ஊசி போட்டிருக்கிறார். விட்டுடலாம் என்று சொன்ன மனுஷன்தான் இந்த வேலையைப் பார்த்தது! அரையும் அரையும் சேர்ந்து முழு ஊசி, அவன் வயிற்றிலோ ஒரு வாய் சாப்பாடு இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் தள்ளாடிக்கொண்டே கடைக்குள் வந்தான், என் காலடியில் அப்படியே சரிந்தான், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அரைதானே போட்டேன், அரைதானே போட்டேன் என்று நான் புலம்ப, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, நீயும் போட்டியா என்றார். சண்டைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். யார் தப்பு என்று பார்க்க நேரமில்லை, தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன், கைக்குக் கிடைத்த துணியில் அவனைச் சுற்றினேன், அது அந்த அம்மாளின் பாதி தைத்த கோட். பக்கத்து வீட்டு பிளம்பர் தன் வண்டியை எடுத்தார். நான் பின்னால் உருளுகிற குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்தேன், முன்சீட்டில் அப்பா அவனை மடியில் போட்டுக்கொண்டு, மேனேஜரே கண்ணைத் தொற, மேனேஜரே நான்தான்டா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார், கொஞ்சம் கொஞ்சமாக அவன் பார்வை நிலைக்கு வந்தது. அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பிடிபிடியென்று பிடித்தார், ஒரே வீட்டுல இருக்கீங்க, ஊசி போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிக்க முடியாதா என்று. தலை குனிந்து கேட்டுக்கொண்டோம், அதற்கு மட்டும்தான் குனிந்தோம். பிறகு அவர் குரலை இறக்கி, சீழ் ஆறுற வரைக்கும் சர்க்கரை இப்படித்தான் ஆடும், பல்லை எடுக்க மயக்க மருந்து கொடுத்தாலும் பயம்தான், உங்க வயசுல இது பெரிய பாரம், வேற மாதிரி முடிவு எடுத்தாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். எனக்கும் இதே வியாதிதான் டாக்டர், வயசும் ஆச்சு, பல்லும் கிடையாது, என் விஷயத்துல என்ன முடிவு எடுக்கலாம்னு இவளுக்குச் சொல்லுவீங்க என்றார். சத்தம் போடவில்லை, கடையில் விலை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். டாக்டரம்மா, சரி, பல்லை எடுத்துடலாம் என்றார்.

எடுத்தாகிவிட்டது. கோழிக்கறியை வேகவைத்துக் கூழாக மசித்துக் கொடுத்தால் நக்குகிறான், சர்க்கரை இன்னும் ஒரு நிலையில் நிற்கவில்லை. நாளைக்கே போய்விடலாம், அதுவும் எனக்குத் தெரியும், நான் ஒன்றும் குழந்தை இல்லை. போனால் அவனாகப் போகட்டும், கழுத்தைப் பிடித்து நாங்கள் தள்ள மாட்டோம். அவன் எப்போது போவான், நாம் எப்போது பெட்டியைக் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இப்போது யார் ஊசி போட்டாலும் போட்டாச்சு என்று பிளம்பர் வீடு வரை கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டும், எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் சரி. சண்டை அது பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அக்காவுக்கு வேலையில் அவள் கேட்ட இடமாற்றம் கிடைத்திருக்கிறது, போன் செய்து வாழ்த்துச் சொல்லு, உன் புகாரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதே. நீயும் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, அப்பா உடம்புதான் உனக்கும், வருஷம் ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொள்.

உனக்கு ஒரு குறையும் வராது, நல்லபடியாக இரு, நீண்ட ஆயுளோடு இரு. ஒன்றே ஒன்று நினைவில் வைத்துக்கொள். அடுத்த முறை பேசும்போது இன்னும் எத்தனை நாள் என்று கேட்காதே, இன்றைக்கு மேனேஜர் என்ன சாப்பிட்டான் என்று கேள். பிறகு போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, அவர் என்ன சாப்பிட்டார் என்று அவரிடமே கேள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத, பாசமும் குறையாத
உன் அம்மா