அறுபதிலேயே நின்ற சூரியன்

என் அக்கா பெற்ற ஒரே பிள்ளைக்கு,

பேனா பிடித்து எட்டு வருஷமானாலும் எழுத்து இன்னும் முத்து முத்தாக வரும் உன் மாமன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்து நடமாடுகிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று வெல்டர் சொன்னான். சந்தோஷம்.

உன்னோடு ஒரே அறையில் படுத்திருந்த வெல்டரைத்தான் சொல்கிறேன். மூன்று வாரம் முன்னால் லீவில் வந்தான். நீ அதே ஊரில் வேறு பக்கம் குடிபோய்விட்டாய், உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு சுற்றுப் பருத்துக்கூட இருக்கிறாய், போன் நம்பரை மட்டும் மாற்றிவிட்டாய் என்றான். புது நம்பரைக் கேட்டேன். நான் கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது என்பது உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன். தரைத்தளத்தில் ஏறி ஏழாவது மாடியில் இறங்குவதற்குள் எத்தனை பெரிய மனிதர்கள் என்னிடம் வீட்டு ரகசியத்தையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள்! இவனோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்யா" என்று முடித்துவிட்டான். விலாசத்தை மட்டும் கறந்தேன். அதனால்தான் கடிதம்.

உன் மனைவியிடமும் அவனே நேரில் போய்ச் சொல்லிவிட்டான், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வாசலில் வைத்து. "உடம்பு நல்லா இருக்காராமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். அப்புறம் உள்ளே போய் மிச்சமிருந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கினாளாம். அன்றிலிருந்து உன் பேச்சை எடுப்பதில்லை. உன் மகள் நண்டிடம் மட்டும், அப்பா வேலை செய்யும் இடத்தில் சிக்னல் கிடையாது, தாத்தா போனுக்கு மட்டும் எப்போதாவது கிடைக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் பொய்யைச் செய்து கொடுத்தவன் நான்தான். உறுதியான பொய். ஐந்து வாரமாக ஒரு விரிசல் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் சூரியன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மீட்டர் இரும்புக் கம்பியை சிமெண்டில் நட்டு வைத்து, புதன்கிழமைதோறும் உன் மகளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் உச்சி வேளையில் நிழலை அளக்கிறார்களே, நினைவிருக்கிறதா? ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கிறார்கள். எது எல்லாவற்றிலும் குட்டையோ அதுதான் உச்சி. அந்த நுனியிலிருந்து கம்பியின் தலைக்கு நூலை இழுத்துப் பிடித்து, அரைவட்ட பிளாஸ்டிக்கை வைத்துப் பார்த்தால் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். தூரத்தில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அங்கேயும் அதே நாளில் அளந்து அனுப்பச் சொல்லலாம் என்று டீச்சர் சொன்னதும், நண்டு முதல் ஆளாகக் கையைத் தூக்கினாளாம். இங்கே ஒரு எண், அங்கே ஒரு எண். ஒரு பாகை வித்தியாசத்துக்கு நூற்றுப் பதினொரு கிலோமீட்டர், தெற்கு வடக்காக. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே இது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. டீச்சரே அசந்துபோனார்.

நீ முதல் மூன்று வாரம் ஒழுங்காக என் போனுக்கு அனுப்பினாய். அறுபத்தைந்து, அறுபத்திரண்டு, அறுபது. இங்கே எண்பது, எழுபத்தேழு, எழுபத்தைந்து. எந்த வாரம் கழித்தாலும் பதினைந்து. உன் மகள் வரைபடத்தில் உன் ஊரின்மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, "ஆயிரத்து அறுநூத்து அறுபத்தஞ்சு கிலோமீட்டர் தாத்தா. அப்பா கரெக்டா அதே இடத்துல இருக்காரு" என்று சிரித்தாள்.

நான்காவது வாரம் எண் வரவில்லை. மத்தியானத்திலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வந்துச்சா?" என்று ஓடிவந்தாள். அறுபது என்று சொன்னேன். நீ கடைசியாக அனுப்பிய எண். நல்ல முழு எண்ணாகவும் இருந்தது. நீ இருக்கும் இடம் மாறாதபோது உன் தலைக்கு மேலே இருப்பது மட்டும் ஏன் மாற வேண்டும்? அடுத்த வாரமும் அறுபது. அதற்கடுத்த வாரங்களும் அறுபதுதான்.

இங்கே சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது, மாப்பிள்ளை. எழுபத்திரண்டு, எழுபது, அறுபத்தேழு, அறுபத்தைந்து. நீ மட்டும் அறுபதிலேயே நின்றாய். அவள் கழித்துப் பார்த்தாள். பன்னிரண்டு பாகை. அப்புறம் பத்து. அப்புறம் ஏழு. வரைபடத்தில் உன் புள்ளி ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. நேர்க்கோடாகத் தெற்கே நம் வீட்டை நோக்கி இறங்கி வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் காதோடு வந்து, "அப்பா சொல்லாமக் கொள்ளாம வந்துட்டு இருக்காரு, அம்மாகிட்ட உளறிடாதீங்க, உங்க வாயில எதுவும் நிக்காது" என்றாள். நான் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் வாயைத் திறந்திருக்க மாட்டாய். போன வாரம் ஐந்து பாகை, ஐந்நூற்று ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அலமாரியில் உன் தட்டில் அடுக்கியிருந்த தன் புத்தகங்களையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தாள். தட்டை ஈரத்துணியால் துடைத்தாள். இன்னும் இரண்டு புதன், மூன்று ஆனாலும் ஆகலாம் என்று கணக்குச் சொன்னாள்.

இந்தத் திங்கட்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தலைமையாசிரியரே எழுந்து நாற்காலி போட்டார், டீ வந்தது, அதெல்லாம் இருக்கட்டும். டீச்சர் கட்டம் போட்ட தாளை என் முன்னால் வைத்தார். அதில் ஒரு கோடு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. இன்னொன்று கொஞ்ச தூரம் கூடவே இறங்கிவிட்டு, அப்புறம் தரை மாதிரி கிடக்கிறது. "ஏங்க, அந்த ஊர்ல மட்டும் சூரியனை ஆணி அடிச்சு மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். "பெரிய ஊரு டீச்சர், வசதி ஜாஸ்தி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. காலம் மாறும்போது அங்கேயும் இதே அளவு இறங்கியாக வேண்டும் என்று விளக்கினார். எத்தனை வாரமாக நீங்களே எண் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தேன். நண்டிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்றார். நானே சரிசெய்துவிடுகிறேன் என்று எழுந்தேன். இந்த வாரம் அங்கே எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இங்கே அறுபத்து மூன்று வரும், அங்கே நாற்பத்தெட்டு இருக்கும் என்றார்.

புதன்கிழமை நண்டு வந்து கேட்டாள். நாற்பத்தெட்டு என்றேன். உண்மையான எண். இந்த ஒன்றில் என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

அவள் கழித்தாள். மறுபடி கழித்தாள். வரைபடத்தை விரித்தாள். பக்கத்தில் வந்துவிட்டிருந்த புள்ளியில் ஒரு விரலையும் உன் ஊரில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இவ்ளோ தூரம் வந்துட்டாரே தாத்தா. அப்புறம் ஏன் திரும்பிப் போயிட்டாரு?"

பையை மறந்து வைத்துவிட்டான், எடுக்கப் போயிருக்கிறான் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அது. "ஒரு பைக்காகவா?" என்றாள். அவ்வளவுதான். உன் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மூன்று பேர் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது. தரையில் இருக்கும் புத்தகங்களை நண்டு இன்னும் திரும்ப அடுக்கவில்லை. நானும் எடுத்து வைக்கவில்லை. எந்தத் தட்டில் வைப்பது?

இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "தாத்தா, நாப்பத்தெட்டு தப்பா இருக்கும். ஒரே வாரத்துல அவ்ளோ தூரம் யாரும் போக மாட்டாங்க. அப்பா அவசரத்துல நிழலோட நுனியைச் சரியாப் பாத்திருக்க மாட்டாரு. இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்க" என்றாள். நோட்டில் அந்த ஒரு கட்டத்தை அழித்து வெறுமையாக விட்டிருக்கிறாள்.

அவள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்லிவிட்டேன். நீ ஏன் போனாய், இப்போது யாரோடு இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். உன்னை வரச் சொல்லிக் கூப்பிடவும் மாட்டேன். அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஒரு குச்சி எடு, மாப்பிள்ளை. வரும் புதன்கிழமை உச்சி வேளையில் பத்து நிமிஷம் வெயிலில் நில். என்ன எண் வருகிறதோ அதை அனுப்பு. என் நம்பர் மாறவில்லை. நீ தூரத்தில்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். தூரமாகவே இருக்கட்டும். உன் கையால் அளந்த தூரம் என்று அவள் எழுதிக்கொள்ளட்டும். என்னிடம் இனி எண்ணே இல்லையடா. புதன்கிழமை அவள் செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்து என் முன்னால் நிற்பாள்.

நோய் நொடி இல்லாமல், எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இரு.

உன் குரலுக்காகப் போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும்,
உன் மாமன்